திங்கட்கிழமை பூட்டியிருக்கும் மியூசியம்

1

துனிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் எந்த மியூசியத்தைப் பார்க்கவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று என்னளவுக்குச் சொல்லக்கூடிய தமிழன் ரொறொன்ரோவில் இன்னொருவன் இருக்கமாட்டான். பத்து வருடமாக இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கலியாண வீடு, பிறந்தநாள் விழா, காரில் வேலைக்குப் போகும் வழி, எங்கே இடம் கிடைத்தாலும் துனிஸை இழுத்துக்கொண்டு வருவேன். என் மனைவி வசந்தி, “தொடங்கிட்டியளே?” என்று கண்ணால் கேட்பாள். நான் நிறுத்தமாட்டேன்.

இரண்டு கிழமைக்கு முன்பு என் மகள் தன் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிய ஒரே ஒரு வரி என் வாயை அடைத்துவிட்டது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை. வேலையிடத்தில் ஒரு பெட்டிக்குள் வைக்கவேண்டியதை இன்னொரு பெட்டிக்குள் வைத்துவிட்டு நிற்கிறேன். மேற்பார்வையாளர், “உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் ஸ்காபரோவில் வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறேன். விடிய ஐந்தரைக்கு எழும்பி, மூன்று பேராக ஒரு காரில் பக்கத்து ஊரான மார்க்கத்துக்குப் போகிறோம். அங்கே கம்பியூட்டருக்குள் வைக்கும் பலகைகளைப் பொதி செய்யும் வேலை. மகள் ஆரணி ஆறாம் வகுப்பு. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு ஒரு வயது. அவளும் தாயும் மூன்று வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தவள். இன்றைக்கு நான் ஏதும் சொன்னால், “அப்பா, ஐ நோ” என்று எழுந்து போகிற வயது.

2

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ற் எங்களை எண்பத்தெட்டாம் ஆண்டில் துனிஸில் கொண்டுபோய் இறக்கினான். வட ஆபிரிக்காவில் கடலோரத்தில் இருக்கும் தலைநகரம். வழி சரிவர ஒரு கிழமை என்றார்கள். பத்துக் கிழமையாயிற்று. ஆறு பேருக்கு ஓர் அறை. ஏஜென்றின் ஆள் ஒருவன் எங்களைப் பார்த்துக்கொண்டான். அவனை நாங்கள் மனேச்சர் என்போம். வேறு பெயர் அவன் சொல்லவில்லை.

மனேச்சரின் சட்டம் கடுமையானது. காலை ஒன்பது மணிக்கு அறையைவிட்டு வெளியேற வேண்டும். பின்னேரம் ஐந்துக்கு முன்பு திரும்பக்கூடாது. பகலில் விடுதிகளைப் பொலிஸ் சோதிக்கும், றோட்டில் சும்மா நின்றாலும் பிடிக்கும் என்று பயமுறுத்தினான்.

“அப்ப நாங்கள் எங்கை போறது?” என்று ஒருவன் கேட்டான்.

“மியூசியத்துக்குப் போங்கோ. மியூசியத்துக்குள்ளை நிக்கிறவனை உலகத்திலை ஒருத்தனும் பிடிக்கமாட்டான்” என்றான் மனேச்சர். அதோடு எங்களுக்கு ஒரு கமெரா தந்தான். அதற்குள் பிலிம் இல்லை. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து போவோம். கமெரா கிடைத்த சோடி அதை முறைவைத்துக் கழுத்தில் கொழுவிக்கொள்ளும். நான் அந்த வெற்றுக் கமெராவை எத்தனை சிலைக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் உல்லாசப் பயணிகளாக நடித்தோம். முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது கிழமை அது பழகிவிட்டது. மூன்றாவது கிழமை, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குப் பிடித்துவிட்டது.

என் சோடி யோகன். மயிலிட்டிக் கடற்கரைப் பிள்ளை. இருபத்தைந்து வயது. தகப்பனோடும் பிறகு தனியாகவும் கடலுக்குப் போனவன். அவனுடைய தமக்கை தேவி, புருசனோடு ஏற்கெனவே ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தாள். அந்த விலாசத்தைத் தான் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து என்னையும் பாடமாக்க வைத்தான். கட்டட இலக்கம், மாடி, கதவு இலக்கம் எல்லாம் இன்றும் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

3

சரி, மியூசியங்கள்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் பார்டோவுக்குப் போங்கள். நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். பழைய அரண்மனை ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்கள். உரோமர் காலத்து வீடுகளின் நிலத்தைப் பெயர்த்துக்கொண்டுவந்து சுவரிலும் தரையிலும் பதித்திருக்கிறார்கள். நிலம் என்றால் சீமெந்து இல்லை. நகத்தளவு கற்களை நிறம் பார்த்து அடுக்கிச் செய்த படங்கள். காலையில் போனால் மேல் சன்னலால் வெளிச்சம் விழும், கற்கள் நனைந்த மாதிரி இருக்கும்.

அதில் கடலைக் காட்டும் படங்கள் பல. யோகன் அவற்றின் முன்னால் குந்திவிடுவான். “அண்ணை, உது திருக்கை. உது விலாங்கு. உங்கை பாருங்கோ, சிங்க இறால். எங்கடை கடல்தான், ஆக்கள்தான் வேறை” என்பான். ஒரு படத்தில் இரண்டு பேர் வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறார்கள். அதைக் கண்டால் அவனுக்குக் கோபம் வரும். “உப்பிடி இழுத்தால் ஒரு சூடை மீனும் ஏறாது. கீறினவன் கடலுக்குப் போகாதவன்.” காவலுக்கு நின்ற மீசைக்காரர், இவன் உரோமரோடு சண்டை பிடிப்பதைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டு பேருக்கும் பொதுவான பாசை இல்லை. ஆனால் நாங்கள் உள்ளே வந்தால் அவர் தன் கதிரையை யோகனுக்கு இழுத்துப் போடுவார்.

இரண்டாவது, கார்த்தேஜ். கடற்கரை றெயிலில் போக வேண்டும். மலை உச்சியில் பெரிய தேவாலயம், அதற்குப் பக்கத்தில் மியூசியம். கல்லால் செய்த சவப்பெட்டிகளின் மூடிகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் படுத்திருப்பார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் வசந்தியை நினைத்து அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி ஒருத்தி நான் கலையில் உருகிவிட்டேன் என்று நினைத்துக் கைத்துண்டு தந்தாள்.

மூன்றாவது, பழைய நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய வீடு. அந்தக் காலத்துச் சனம் எப்படி வாழ்ந்தது என்று பொம்மைகளுக்கு உடுப்புப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மணப்பெண், தோழிகள், தாய்மார். அரையிருட்டில் திடீரென்று பார்த்தால் உயிர் போய்விடும். வாசலைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். பொறுமை உள்ளவர்கள் போகலாம்.

கடற்கரையில் ஒரு மீன் மியூசியமும் உண்டு. கண்ணாடித் தொட்டிகளில் உயிரோடு மீன் நீந்தும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நல்லது. யோகன் ஒரு தரம் வந்து ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விட்டான். “சிறை வைச்சிருக்கிறாங்கள் அண்ணை, பாக்கேலாது” என்றான்.

இந்த அறிவு எனக்குக் கனடாவில் ஒருமுறை உதவியது. அகதி விசாரணையில், துனிஸில் பத்துக் கிழமை என்ன செய்தீர் என்று கேட்டார்கள். மியூசியம் பார்த்தேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்து, “அண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். விசாரித்தவர், எந்த மியூசியம் என்றார். நான் பார்டோவில் தொடங்கிக் கற்களின் நிறம்வரை போனேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் தெரிந்தது, ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு அந்தப் பக்கம் போகும் எண்ணமாம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இத்தனை வருடத்தில் நான் ரொறொன்ரோவில் ஒரு மியூசியத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. எனக்கு மியூசியம் என்றால் பொலிசுக்கு ஒளிக்கிற இடம். இங்கே ஒளிக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

4

நான் துனிஸைவிட்டு வெளிக்கிட்டது ஒரு திங்கட்கிழமை. தேவியின் கதவைத் தட்டியது மறுநாள், செவ்வாய். கையில் ஒரு சின்னப் பை, வாயில் பாடமாக்கிய விலாசம். தேவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் நடைவழியைப் பார்த்தாள்.

“யோகன் எங்கை?” என்றாள்.

ஏனென்றால் துனிஸில் எங்கள் அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலில் அடுத்த முறை யோகனுடையது. அதற்கடுத்தது என்னுடையது. வந்த ஒழுங்குதான் போகிற ஒழுங்கு. அதை அவன் கடிதத்தில் தமக்கைக்கு எழுதியிருந்தான். அவள் சோறு ஆக்கி வைத்துக்கொண்டு தம்பியை எதிர்பார்த்திருந்தாள்.

அந்தக் கதவில் நின்று நான் சொன்ன கதை இது. அதைப் பத்து வருடம் எல்லோருக்கும் சொன்னேன்:

திங்கட்கிழமை காலை நானும் யோகனும் பார்டோவுக்குப் போனோம். மீன் படத்துக்கு முன்னால் அவன் வழக்கம்போலக் குந்தினான். திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணை, என்ரை முறையை நீங்கள் எடுங்கோ. உங்களுக்கு ஒரு வயதுப் பிள்ளை இருக்கு. நான் அடுத்ததிலை வாறன்” என்றான். நான் மறுத்தேன். அவன் கேட்கவில்லை. அறைக்குத் திரும்பினோம், மனேச்சர் வந்தான், யோகன் தானாகவே சொல்லி என்னை அனுப்பினான்.

தேவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “உள்ளுக்கை வாங்கோ அண்ணை. சாப்பிடுங்கோ” என்றாள். தம்பிக்குப் போட்ட பாயில் என்னைப் படுக்க விட்டாள். ஆறு மாதம் அந்த வீட்டில் இருந்தேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு யோகனை இத்தாலிக்குப் போகும் ஒரு படகில் ஏற்றியதாகக் கேள்விப்பட்டோம். அந்தப் படகைப் பற்றி அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை. பொலிசில், செஞ்சிலுவையில், தூதரகங்களில் எல்லாம் தேவியின் புருசன் விசாரித்தார். படிவங்கள் நிரப்பினார். எந்தத் துறைமுகம், எந்த நாள், படகின் பெயர் என்று கேட்ட இடமெல்லாம் தெரியாது என்று எழுதினார். ஒரு பதிலும் வரவில்லை.

அன்றிலிருந்து தேவி எனக்குத் தங்கச்சி. ஆரணிக்கு அவள் மாமி. யோகன் மாமா தன் முறையைத் தந்ததால்தான் நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்லித்தான் ஆரணியை வளர்த்தோம். ஒவ்வொரு வைகாசியும் நான் வந்து இறங்கிய நாளுக்குக் கிட்டவாக வரும் ஞாயிற்றுக்கிழமை தேவி குடும்பம் எங்களிடம் வரும். கணவாய்க் கறி, பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். மத்தியானச் சாப்பாடு. யோகனின் படம் மட்டும் ஒருவர் வீட்டிலும் இல்லை. தேவி வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. துக்கம் என்று நினைத்தோம்.

5

இந்த வருடம் ஆரணிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு நாட்டின் தலைநகரத்தைத் தெரிந்தெடுத்து, போகிறவர்களுக்கு ஒரு கையேடு எழுத வேண்டும். அவள் துனிஸைத் தெரிந்தெடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் பின்னேரம் என் பக்கத்தில் இருந்து, “பிறகு, அப்பா?” என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பிள்ளை என்னிடம் கதை கேட்டு எவ்வளவு காலம்! இல்லாத விளக்கமெல்லாம் சொன்னேன். நான் மறந்ததை அவள் நூலகத்தில் புத்தகம் எடுத்து நிரப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. தேவியின் புருசனுக்குப் பின்னேர வேலை, அவர் போய்விட்டார். தேவி, வசந்தி, நான், ஆரணி. மறுநாள் வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று ஆரணி எங்களுக்கு முன்னால் வாசித்துப் பழகினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, மாமிக்காகத் தன் தமிழில் ஒரு வரி.

“இந்த மியூசியத்திலை நிறைய பிஷ் பிக்சர்ஸ் இருக்கு, மாமி. யோகன் மாமாக்கு இது பேவரிட். ஓப்பின் நைன் தேர்ட்டி. திங்கட்கிழமை குளோஸ்ட்.”

வாசித்தவள் அடுத்த வரிக்குப் போகாமல் நின்றாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, யோகன் மாமா சொன்னது மண்டே எல்லோ? ஹவ் டிட் யூ கோ இன்?”

நான் ஒரு மடையன். அந்த மியூசியம் திங்கட்கிழமை பூட்டு என்று எனக்குத் தெரியாதா? எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை பார்டோ இல்லை என்பதால்தான் எங்களில் இரண்டு பேர் அறையில் நின்று உடுப்புத் தோய்க்க மனேச்சர் விட்டிருந்தான். ஆனால் பொய் சொல்லும்போது நான் கிழமை பார்க்கவில்லை. யோகனை நினைத்தால் அந்த மீன்களோடுதான் நினைவு வரும். அவனை அங்கேயே கொண்டுபோய் இருத்திவிட்டேன். ரொறொன்ரோவில் யாருக்கு துனிஸ் மியூசியம் பூட்டுகிற நாள் தெரியப்போகிறது?

“அந்தக் காலத்திலை திறந்திருக்கும் பிள்ளை” என்றாள் வசந்தி. அவளுக்கும் ஒன்றும் தெரியாது. எனக்காகச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நோ அம்மா. இது ஓல்ட் புக். அப்பா போகமுதல் வந்தது.”

தேவி மெதுவாக நிமிர்ந்தாள். “திங்கட்கிழமை எண்டுதானே அண்ணை சொன்னனியள்? செவ்வாய்க்கிழமை வந்து கதவிலை தட்டினனியள். எனக்கு அண்டைக்கு விரதம். மறக்கேல்லை.”

என் வாய் திறந்தது. ஒரு பொய் ஆயத்தமாக வந்து நின்றது. அன்றைக்கு விசேச நாள், திறந்திருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். அதற்குள் ஆரணி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்ன கண்டாளோ தெரியாது. வெள்ளை மை போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள்.

“நான் இந்த லைனை அழிச்சுவிடவா, அப்பா?” என்றாள். மெல்லிய குரல். “இட்ஸ் ஓகே. ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

பதினொரு வயதுப் பிள்ளை. தகப்பன் மாட்டிக்கொண்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்றுகூடக் கேட்காமல் மறைக்க உதவுகிறாள். பொலிஸ் அறைக்கு வந்திருந்தாலும் நான் அப்படிப் பயந்திருக்கமாட்டேன்.

“அழிக்காதை” என்றேன். பிறகு தேவியைப் பார்த்துச் சொன்னேன். “நான் சொன்னது பொய், தேவி. அவன் எனக்குத் தரேல்லை. நான்தான் எடுத்தனான்.”

6

அவள் அழுவாள், திட்டுவாள், என் முகத்தில் துப்புவாள் என்று பத்து வருடமாக நான் மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். அவளோ சாப்பிட்ட கையைக் கழுவாமல் இருந்தாள். கறி காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவன் தரேல்லை” என்றாள்.

“இல்லை.”

“நீங்கள் பிள்ளைக்காரன் எண்டு அவன் சொல்லேல்லை.”

“சொல்லேல்லை.”

திடீரென்று அவள் குரல் உடைந்தது. “அண்ணை, நாங்கள் அவனைப் பத்து வருசமாத் திட்டிக்கொண்டிருக்கிறம். உங்களுக்குத் தெரியுமே? அம்மா அவன்ரை படத்தைச் சுவரிலை இருந்து கழட்டி எறிஞ்சவ. ஆரோ ஒருத்தன்ரை பிள்ளையை நினைச்சவன் பெத்த தாயை நினைக்கேல்லை எண்டு. ‘நான் அவன்ரை காலடியைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், அவனுக்குத் தருமம் கேக்குது’ எண்டு. திவசம் செய்யவும் விடேல்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். உங்களுக்குச் சாப்பாடு போடேக்கை எல்லாம் அவனிலை ஆத்திரம் வரும். ஏன்டா குடுத்தாய், ஏன்டா குடுத்தாய் எண்டு.”

நான் உண்மையில் திடுக்கிட்டுப் போனேன். என் பொய்யில் யோகன் பெரிய மனிதன் என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்கு என்னால் முடிந்த மரியாதையைச் செய்துவிட்டதாகவும் நினைத்திருந்தேன். அவனை மியூசியத்தில் நிறுத்தி, வாயில் நல்ல வசனமும் வைத்தேன். அந்த வசனத்தால் அவனுடைய தாய் அவனை வெறுத்தாள் என்பது என் புத்திக்கு ஒருநாளும் எட்டவில்லை. படம் ஏன் இல்லை என்று ஒரு தரம் கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் கதையைத் திரும்பச் சொல்லவேண்டி வரும் என்று பயம்.

வசந்தி எழுந்து அறைக்குள் போய்விட்டாள். ஆரணி மை போத்தலைக் கையில் வைத்தபடி நின்றாள்.

“அண்டைக்கு அவன் எங்கை நிண்டவன்?” என்று தேவி கேட்டாள்.

“தபால் கந்தோருக்குப் போனவன். உங்கடை அம்மாவுக்குக் கடிதம் போட.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அந்தக் கடிதம் அம்மாட்டை இருக்கு. ‘என்ரை முறை வந்திட்டுது, இந்தக் கிழமை வெளிக்கிடுறன், முதல் காசிலை உங்களைக் கூப்பிடுவன்’ எண்டு எழுதினது. அதை எழுதிப்போட்டு மாறிட்டான் எண்டுதான் அம்மாவுக்குக் கூடின கோபம்.”

பிறகு நான், போனில் அம்மாவோடு கதைக்கிறேன், நானே சொல்கிறேன் என்றேன்.

“போனிலை சொன்னால் நம்பமாட்டா” என்றாள் தேவி. “நான்தான் உங்களைக் கொண்டு சொல்ல வைக்கிறன் எண்டு நினைப்பா. தம்பியைக் காப்பாத்த நான் கட்டின கதை எண்டு நினைப்பா. நீங்கள் பத்திரிகையிலை எழுதுறது எல்லாம் பருத்தித்துறையிலை மாமாவின்ரை மகள் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறவள். அச்சிலை வந்ததை அம்மா நம்புவா. எழுதுங்கோ. மியூசியத்தைப் பற்றி எழுதுறனியள்தானே. அதோடை இதையும் எழுதுங்கோ.”

தான் கறி கொண்டுவந்த சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்புப் போடும்போது ஆரணியின் தலையைத் தடவினாள். என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு இன்றுவரை போன் எடுக்கவுமில்லை.

ஆரணி மறுநாள் வகுப்பில் வாசித்தாள். அந்த வரியை அழிக்கவில்லை. நல்ல புள்ளி கிடைத்ததாம், தாயிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நான் பேபியா இருந்ததாலையா எடுத்தனீங்கள்?” ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசை. இல்லை என்றேன். அந்த நேரம் உன்னை நினைக்கவில்லை, ஒருவரையும் நினைக்கவில்லை, அங்கிருந்து போனால் போதும் என்று மட்டும்தான் இருந்தது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அறைக்குள் போனாள்.

7

அம்மா, உங்களை நான் கண்டதில்லை. பெரிய சூடை மீனைக் கையால் பிய்த்து முள் எடுத்து யோகனுக்கு வாயில் தீத்துவீர்களாம், இருபது வயதிலும். அவன் சொல்லியிருக்கிறான். இதை வாசிக்கிற பிள்ளையிடம் ஆறுதலாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்று திங்கட்கிழமை. மியூசியம் பூட்டு. நானும் இன்னொருவனும் உடுப்புத் தோய்க்க அறையில் நின்றோம். மற்றவன் உடுப்புக் காயப்போட மேலே போயிருந்தான். யோகன் ஒன்பது மணிக்குக் கடிதத்தை ஒட்டினான். ஒட்டும் முன்பு எனக்கு வாசித்துக் காட்டினான். தபால் கந்தோருக்குப் போய்விட்டு வாறன் அண்ணை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். புதுச் சேட் போட்டிருந்தான். பயணத்துக்கென்று வைத்திருந்த சேட். கடிதம் போடப் போகும்போதே அதைப் போட்டுக்கொண்டான், அவ்வளவு சந்தோசம்.

கொஞ்ச நேரத்தில் மனேச்சர் ஓடிவந்தான். பாஸ்போட் ஒன்று வந்துவிட்டது, படம் மாற்றி ஒட்டுவது இருபது நிமிட வேலை, எல்லாருடைய படமும் தன்னிடம் இருக்கிறது, ஒரு மணித்தியாலத்தில் கார் வரும் என்றான். ஆள் இல்லாவிட்டால் அடுத்தவனைத்தான் ஏற்றவேண்டும் என்றான். எனக்குக் கையெல்லாம் சவர்க்கார நுரை.

உங்கள் மகன் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அம்மா. அவன் உங்களைக் கூப்பிடவேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் அந்தப் பத்துக் கிழமையும் பேசவில்லை. தபால் கந்தோர் எங்கள் அறையிலிருந்து பத்து நிமிட நடை. ஓடினால் ஐந்து.

“யோகன் எங்கை?” என்று மனேச்சர் என்னைக் கேட்டான்.

தெரியாது என்று சொன்னேன்.